மார்கழித் தும்மலும் ஆடாதோடைக் கசாயமும்

மார்கழி பிறந்துவிட்டால் இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் சேவல் கூவுவதற்கு முன்பே தும்மல் சத்தம் கேட்கும். ஒரு காம்பராவில் தொடங்கினால் அடுத்த காம்பராவில் பதில் தும்மல். பத்து, பதினைந்து என்று அடுக்கடுக்காக வரும். கண் சிவந்து, மேல்வாய் அரித்து, மூக்கால் தண்ணீராக ஊற்றி, ஆள் முன்திண்ணையான இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்த பிறகுதான் அடங்கும். அதற்குள் அம்மாயி அடுப்பில் தண்ணீர் வைத்திருப்பார். ஒரு கைப்பிடி கொத்தமல்லி, தட்டிய இஞ்சி, வேலியோரத்து ஆடாதோடையில் இரண்டு இலை. "பனி ஒத்துக்கல, இதைக் குடி" என்பார். வைத்தியம் அவ்வளவுதான்.

குடித்தால் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் விடியலில் அதே தும்மல். கசாயம் உடம்புக்குள் எந்த இடத்தில் வேலை செய்கிறது, எந்த இடத்தைத் தொடவே இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு இந்தப் புதிர் அவிழ்ந்தது.

முதலில் பழியைப் பனியின் மேலிருந்து இறக்க வேண்டும். குளிர்காற்று மூக்கை ஒழுக வைக்கும், உண்மைதான். ஆனால் காய்ச்சல் இல்லாமல், அரிப்போடு, அடுக்குத் தும்மலாக, ஆண்டுதோறும் அதே மாதத்தில் வருகிறது என்றால் அது பெரும்பாலும் தடிமன் என்கிற சளிப்பிடிப்பு அல்ல, ஒவ்வாமை. 'அலர்ஜி' என்ற சொல்லை 1906இல் வியன்னாவைச் சேர்ந்த மருத்துவர் கிளெமன்ஸ் ஃபான் பிர்கே உருவாக்கினார். உடம்பு தீங்கற்ற ஒரு பொருளைப் பகைவனாக எண்ணி, அதற்கென்றே ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தைச் செய்து வைத்துக்கொள்கிறது. இந்தப் புரதம் மூக்கின் உட்சவ்வில் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் முள்முள்ளாக ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அதே பொருள் மறுபடி மூச்சில் வந்து இரண்டு முட்களை ஒருசேரத் தொட்டால் போதும், செல் வெடித்தாற்போல ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டிவிடும். ஹிஸ்டமின் நரம்பைத் தொட்டால் அரிப்பும் தும்மலும். இரத்தக் குழாயைத் தொட்டால் வீக்கமும் நீரும். எல்லாம் சில நிமிடங்களிலேயே தொடங்கிவிடும். சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலையாக மூக்கடைப்பு வரும். நம் ஊரில் பீனிசம் என்று சொல்லப்படுவதில் பாதி இதுதான் என்பது என் எண்ணம்.

அந்தப் பொருள் எது? மேற்கு நாடுகளில் வசந்த காலத்து மகரந்தம். நம் மலைகளில் பைன் மரத்தின் மஞ்சள் தூளைப் பலர் குறை சொல்வார்கள். பைன் மகரந்தம் பெரியது, மெழுகுப் பூச்சு உள்ளது. ஒவ்வாமை கிளப்புவதில் அது பின்வரிசைதான். நம்மைப் போன்ற ஈர நாடுகளில் முன்வரிசையில் நிற்பது வீட்டுத் தூசிச் சிற்றுண்ணி. மூன்றில் ஒரு மில்லிமீட்டர் நீளம், கண்ணுக்குத் தெரியாது, நம் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று வாழும். கடிக்காது. அதன் எச்சத்தில் இருக்கும் புரதம்தான் ஆளைப் படுத்துகிறது. தூசி ஒவ்வாமைக்குப் பின்னால் இந்தப் பூச்சி இருக்கிறது என்பதை நெதர்லாந்தின் லெய்டன் நகர ஆய்வாளர்கள் 1964இல்தான் முன்வைத்தார்கள்.

உயரமான இடத்தில் சிற்றுண்ணி இராது என்று புத்தகங்களில் படிக்கலாம். சுவிட்சர்லாந்தின் டாவோஸ் ஏறக்குறைய 1,560 மீட்டர் உயரம். ஆஸ்துமாக்காரர்கள் அங்கே போய்த் தங்கிச் சுகம் கண்டார்கள். நுவரெலியா அதைவிட உயரம், 1,868 மீட்டர். ஆனாலும் நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சிற்றுண்ணி தண்ணீர் குடிக்காது, காற்றிலிருக்கும் ஈரத்தையே உடம்பால் உறிஞ்சும். டாவோஸ் காற்று உலர்ந்தது, அங்கே அது காய்ந்து சாகும். நம் மலையில் மூடுபனி கதவிடுக்கு வழியாக வந்து படுக்கையில் படுத்துக்கொள்கிறது. மார்கழியில் தகரப் பெட்டியைத் திறந்து, ஆறேழு மாதம் மடித்து வைத்த கம்பளியை எடுத்து உதறிப் போர்த்துகிறோம் அல்லவா, அந்த உதறலில்தான் தும்மல் இருக்கிறது. மூடிய காம்பராவில் விறகுப் புகையும் சேர்ந்தால் ஏற்கெனவே எரியும் சவ்வு இன்னும் புண்ணாகும்.

இனி கசாயத்துக்கு வருவோம். முதல் பலன் சூட்டிலிருந்து வருகிறது. 2008இல் வேல்ஸின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் தடிமன் பிடித்த 30 பேருக்கு ஒரே பழப்பானத்தைச் சூடாகவும் சாதாரணமாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். எந்தச் சூட்டில் குடித்தாலும் மூக்கொழுகலும் தும்மலும் குறைந்ததாகச் சொன்னார்கள். சூடாகக் குடித்தவர்களுக்குத் தொண்டைவலி, குளிர், சோர்வு ஆகியவையும் தணிந்தன. கருவி வைத்து அளந்தபோது மூக்கில் போகும் காற்று மட்டும் கூடவே இல்லை. அது தடிமனுக்கான ஆய்வுதான் என்றாலும், கொத்தமல்லித் தண்ணி தரும் இதத்தில் ஒரு பெரும் பங்கு எங்கிருந்து வருகிறது என்பதை அது காட்டுகிறது.

தைலமும் இப்படித்தான். தைல மர இலையை வெந்நீரில் போட்டு ஆவி பிடித்தாலும், சித்தாலேப தைலத்தை நெஞ்சில் தடவினாலும் மூக்கு 'திறந்த' மாதிரி இருக்கும். மென்தாலும், தைல இலையிலுள்ள சினியோலும் மூக்கு நரம்பில் குளிரை உணரும் வாயிலைத் தட்டிவிடுகின்றன. காற்று தாராளமாகப் போகிறது என்று மூளை நம்புகிறது. மென்தாலை முகரக் கொடுத்து அளந்தபோது அடைப்பு அப்படியே இருந்தது. இரவில் நிம்மதியாகத் தூங்க அந்த உணர்வு உதவுமானால் அதை நான் குறைவாகப் பேச மாட்டேன். வீக்கம் வற்றிவிட்டது என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது.

ஆடாதோடையின் கதை வேறு. அதன் கசப்புக்குக் காரணம் வாசிசின் என்ற அல்கலாய்டு. அந்த மூலக்கூற்றை முன்மாதிரியாக வைத்துத்தான் 1960களில் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கி மருந்து உருவானது. இன்று மருந்துக் கடைகளில் இருமல் பாணியாகக் கிடைக்கும் அம்ப்ராக்சோல் அதிலிருந்து பிறந்தது. ஆக, வேலியோரச் செடி கெட்டிச் சளியை இளக்கும் என்று பெரியவர்கள் சொன்னதில் பொருள் இருந்திருக்கிறது. கண்டங்கத்தரியும் தூதுவளையும் கூட 1999இல் வெளியான ஒரு சிறு ஆய்வில் ஆஸ்துமா நோயாளிகளின் மூச்சை ஓரளவு இலகுவாக்கின. ஆஸ்துமா மருந்தான சல்பியூட்டமோலோடு ஒப்பிட்டபோது அவற்றின் பலன் குறைவாகவே இருந்தது. கண்டங்கத்தரி, பற்பாடகம், மரமஞ்சள், கொத்தமல்லி, இஞ்சி ஐந்தும் சேர்ந்ததுதான் கடையில் நாம் வாங்கும் பஸ்பங்குவ.

இவை எதுவும் அம்மாயி வைத்தது போன்ற ஒரு கோப்பைக் கசாயமாக உள்ளே போய், ஐஜிஇ முள்ளைப் பிடுங்கியதாகவோ மாஸ்ட் செல்லை வாய் மூட வைத்ததாகவோ உறுதியான சான்று இல்லை. தும்மல் சங்கிலியின் கடைசிக் கண்ணியில்தான், அதாவது சளியிலும் உணர்விலும்தான், அவற்றின் கை எட்டுகிறது.

நாம் கொழுந்து பறிக்கும் செடிக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. ஆஸ்துமாவுக்கு இன்றும் கொடுக்கப்படும் தியோஃபிலினை 1888இல் ஜெர்மானியரான அல்பிரெக்ட் கோசெல் தேயிலையிலிருந்துதான் பிரித்தெடுத்தார். ஒரு கோப்பை பிளேன்டீயில் அது மிக மிகக் கொஞ்சம். அதை நம்பி மருந்தை விட முடியாது. அதே தேயிலை நோயையும் தரும். ஃபெக்டரியில் சலிக்கும்போது பறக்கும் தேயிலைப் பஞ்சுத் தூசியால் வரும் ஆஸ்துமாவை 1970இல் நம் நாட்டு மருத்துவர் சி. ஜி. ஊரகொட மருத்துவ இதழில் பதிவு செய்தார். சலிப்பறையில் வேலை செய்கிறவருக்கு வேலை நாளில் மூச்சு இறுகி, லீவு நாளில் இலகுவானால், அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கசாயத்தால் அமுக்கி வைக்கக் கூடிய விஷயம் அல்ல அது.

கசாயம் வைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கொத்தமல்லியின் வாசனை எண்ணெய் ஆவியோடு பறந்துவிடும், பானையை மூடி வையுங்கள். கர்ப்பிணிகளுக்கு ஆடாதோடை வேண்டாம். வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யக் கூடியது. அதிமதுரத்தை நாள்தோறும் சேர்த்தால் இரத்த அழுத்தம் ஏறும். குழந்தைகளைப் போர்வைக்குள் உட்கார வைத்து ஆவி பிடிக்க விடாதீர்கள், கொதிநீர் கவிழ்ந்தால் வாழ்நாள் தழும்பு. கற்பூரம் சேர்ந்த தைலம் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆகாது. மூச்சு விசிலடித்தால், பேசவே முடியாமல் இளைத்தால், அடுப்பை மூட்டி நேரம் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சங்கிலியின் முதல் கண்ணி கம்பளியில் இருக்கிறது. பருத்தி விரிப்பையும் தலையணை உறையையும் கை பொறுக்காத சூட்டில், 60 பாகை செல்சியஸில், துவைத்தால் சிற்றுண்ணி சாகும். கம்பளியை அப்படித் துவைத்தால் சுருங்கிப் போகும். அதற்கு வெயில்தான் வழி. தை மாத நடுப்பகலில் மூடுபனி விலகிச் சுள்ளென்று அடிக்கும் வெயிலில் மூன்று நான்கு மணி நேரம், இரண்டு பக்கமும் புரட்டிக் காய வைத்தால் பூச்சி உலர்ந்து செத்துவிடும். எச்சம் மட்டும் நூலுக்குள் தங்கியிருக்கும், அதைத் தட்டி எடுக்க வேண்டும். அம்மாயி கம்பளியைக் கொடியில் போட்டுப் பிரம்பால் அடிக்கும்போது முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொள்வார். தும்முகிற பிள்ளைகளை அன்று மேட்டு லயத்துக்கு விளையாட அனுப்பிவிடுவார்.