ஆணி குத்திய பிறகு தேடும் ஊசி: நீரிழிவும் தடுப்பூசியும்

மட்டக்களப்பின் படுவான்கரையிலோ சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயற்பகுதிகளிலோ ஒருவரின் காலில் துருப்பிடித்த ஆணி குத்திவிட்டால், யாரும் சொல்லாமலே அவர் வைத்தியசாலைக்கு வந்து ஏற்பூசி கேட்பார். அன்றைய வேலை கெட்டாலும் ஊசி போடாமல் வீடு திரும்ப மாட்டார். அதே மனிதர் பத்துப் பதினைந்து ஆண்டுகளாகச் சீனி வருத்தத்துக்கு மாதந்தோறும் கிளினிக் கொப்பியோடு வந்து மருந்து வாங்கிச் செல்பவராகவும் இருக்கலாம். ஆனால் அந்த வருத்தத்தின் காரணமாகவே தமக்கு வேறு சில தடுப்பூசிகளும் தேவைப்படுகின்றன என்பதை ஒருமுறையேனும் கேள்விப்பட்டிருக்க மாட்டார். அவர் ஊசிக்குப் பயந்தவரும் அல்லர். இன்சுலின் போடுபவராயின் நாளுக்கு இரண்டு தடவை தம் வயிற்றில் தாமே குத்திக்கொள்பவர். ஆகவே நீரிழிவு உள்ளவர்கள் தடுப்பூசி பெறாதிருப்பதை எதிர்ப்பு என்ற ஒற்றைச் சொல்லால் விளக்கிவிட முடியாது. அதன் அடியில் இருப்பது ஒரு நம்பிக்கை: பிள்ளைகளுக்குப் போடுவது தடுப்பூசி, பெரியவர்களுக்குக் காயம் பட்ட பின் போடுவது ஊசி.

ஏற்பூசியையே எடுத்துக்கொண்டால் இந்த நம்பிக்கை எங்கே பிழைக்கிறது என்பது தெரியும். ஏற்புவலியை உண்டாக்கும் பற்றீரியாவின் வித்திகள் மண்ணிலும் சாணத்திலும் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கக்கூடியவை. ஒக்சிசன் எட்டாத ஆழமான காயத்துள் அவை விழித்தெழுந்து சுரக்கும் நச்சே தசைகளை இறுக வைக்கிறது. அந்த நச்சைப் போமலின் என்னும் இரசாயனத்தால் செயலிழக்கச் செய்து, அதன் வடிவத்தை மட்டும் உடலுக்கு அறிமுகப்படுத்துவதே ஏற்பூசி. 1920களில் பிரான்சில் காஸ்தோன் ரமோன் இந்த வழியைக் கண்டறிந்தார். முன்பின் அறியாத ஒரு பொருளுக்கு எதிராகப் போதிய பிறபொருளெதிரிகளை, அதாவது அதைப் பிடித்து முறியடிக்கும் புரதங்களை, உருவாக்க உடலுக்கு ஓரிரு வாரங்கள் வேண்டும். எனவே ஆணி குத்திய அன்று போடும் ஊசி உண்மையில் பழைய நினைவைத் தட்டியெழுப்பும் ஊசியே. சிறுவயதில் அந்த நினைவு பதிக்கப்படாதவருக்கு அழுக்கான காயம் ஏற்பட்டால், ஆயத்த நிலையிலுள்ள பிறபொருளெதிரிகளைத் தனியாக ஏற்ற வேண்டியிருக்கும்.

நீரிழிவு உள்ளவருக்கு இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. பல ஆண்டுகள் உயர்ந்திருந்த சீனி பாதங்களின் நரம்புகளைப் பழுதாக்குவதால், முள் ஏறியதோ செருப்பு வெட்டியதோ அவருக்கு உறைப்பதில்லை. காயம் தெரிந்தால்தானே ஊசி கேட்பது? உணர்விழந்த காலோடு வரம்பில் நடப்பவருக்கு ஏற்பூசியின் பாதுகாப்பு காயத்துக்கு முன்பே உடலில் இருந்தாக வேண்டும்.

சீனி கூடிய குருதி தொற்றுக்கு ஏன் இடங்கொடுக்கிறது என்பது சுவையான உயிர்வேதியியல். கிருமி நுழைந்த இடத்துக்கு முதலில் விரைந்து செல்லும் வெண்குழியங்கள் நடுநிலைநாடிகள். அவை கிருமியை விழுங்கி, ஒக்சிசனிலிருந்து ஆக்கிய கடுமையான இரசாயனங்களை அதன்மேல் வீசிக் கொல்கின்றன. அந்த இரசாயனங்களைச் செய்வதற்கு என்ஏடிபிஎச் என்னும் மூலக்கூறு தேவை. கலத்துக்குள் குளுக்கோசு மிகும்போது, மிகுதியைச் சோபிற்றோல் என்ற வேறொரு வெல்லமாக மாற்றும் பக்கப் பாதை ஒன்று வேகமெடுக்கிறது. அந்தப் பாதையும் இதே என்ஏடிபிஎச்சைத்தான் செலவழிக்கிறது. வெடிமருந்தை அடுப்பெரிக்கக் கொடுத்துவிட்டுப் போருக்குப் போன படையைப் போல நடுநிலைநாடிகள் கிருமியைச் சென்றடைந்தாலும் முழு வலுவோடு தாக்க முடிவதில்லை. சென்றடைவதிலும் அவற்றுக்கு வேகம் குறைகிறது. இதற்கு மேலாக, குளுக்கோசு புரதங்களில் போய் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. மூன்று மாதச் சீனி என்று நாம் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனை அளப்பது செங்குழியத்தின் ஈமோகுளோபினில் இவ்வாறு ஒட்டிய சீனியைத்தான். செங்குழியம் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்வதால் அதில் அவ்வளவு காலத்தின் கணக்கு எழுதப்பட்டிருக்கும். இதே ஒட்டுதல் நோயை எதிர்க்கும் நிர்ப்பீடனப் புரதங்களிலும் நிகழ்ந்து அவற்றின் வேலையைக் குழப்புகிறது.

தொற்றும் சும்மா இருப்பதில்லை. காய்ச்சல் வந்தால் உடல் கோட்டிசோல், அதிரினலின் என்னும் ஓமோன்களைக் கூடுதலாகச் சுரக்கிறது; ஈரல் தன் களஞ்சியத்திலுள்ள குளுக்கோசைக் குருதிக்குள் கொட்டுகிறது; அழற்சிப் பொருட்கள் இன்சுலின் சொல்வதைக் கலங்கள் கேட்காதபடி செய்கின்றன. சாப்பாடே இறங்காமல் படுத்திருக்கும் ஒருவரின் சீனி 300ஐத் தாண்டிவிட்டதே என்று வீட்டார் திகைப்பது இதனால்தான். சீனி ஏற நிர்ப்பீடனம் தளர்கிறது, அது தளரத் தொற்று வலுக்கிறது, தொற்று வலுக்கச் சீனி மேலும் ஏறுகிறது. இந்தச் சுழலைத் தொற்றுக்கு முன்பே அறுப்பது தடுப்பூசியின் வேலை.

அப்படியானால், தளர்ந்த நிர்ப்பீடனமுள்ள உடலில் தடுப்பூசி மட்டும் எப்படி வேலை செய்யும் என்ற கேள்வி நியாயமானது. மேற்கையில் ஏற்றப்பட்ட மருந்தை அங்குள்ள கலங்கள் பொறுக்கிக்கொண்டு அக்குளின் நிணநீர்க்கணுக்களுக்குச் செல்கின்றன. அங்கே ரீ கலங்கள் என்னும் வெண்குழியங்கள் பி கலங்கள் என்னும் வேறு வெண்குழியங்களைத் தூண்டுகின்றன. தூண்டப்பட்ட பி கலங்கள் பிறபொருளெதிரிகளைச் சுரக்கின்றன. அந்தக் கலங்களில் ஒரு பகுதி நினைவுக் கலங்களாகத் தங்கிவிடுகின்றது. நீரிழிவு இந்தத் தொடரின் சில கண்ணிகளைத் தளர்த்தினாலும் அறுப்பதில்லை. இன்புளுவன்சாத் தடுப்பூசிக்கு நீரிழிவு உள்ளவர்களின் எதிர்வினை பெரும்பாலும் ஏனையோருடையதை ஒத்தே இருக்கிறது. ஈரலைத் தாக்கும் வைரசு ஒன்றுக்கு எதிரான ஈரல் அழற்சி பி (ஹெபடைட்டிஸ் பி) தடுப்பூசியில் வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது: வயது ஏற ஏற, அதிலும் உடற்பருமனும் சேர்ந்தால், பாதுகாப்பளவை எட்டாதவர்கள் கூடுகின்றனர். அறுபதுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதற்கு எதிரான நல்ல வாதம் இதுவே. அந்த ஊசி நீரிழிவாளருக்கு எதற்கு என்று வியப்பவர்களுக்கு ஒரு செய்தி: விரல் நுனியில் குத்திச் சீனி பார்க்கும் கருவியைப் பலர் பகிர்ந்துகொண்ட இடங்களில், குறிப்பாக முதியோர் இல்லங்களில், இந்த வைரசு பரவியதைக் கண்ட பின்னரே 2011இல் அமெரிக்காவின் தடுப்பூசி ஆலோசனைக் குழு 60 வயதுக்குட்பட்ட நீரிழிவாளர்களுக்கு இதைப் பரிந்துரைத்தது. வீட்டில் ஒரு கருவியை வைத்து அயலார் எல்லோருக்கும் சீனி பார்த்துக்கொடுப்பது நம் ஊர்களில் பெரிய உபகாரம். குத்தும் ஊசியையும் அதைப் பொருத்தும் கருவியையும் ஆளுக்கு வேறாக வைத்திருந்தால் அது உபகாரமாகவே இருக்கும்.

என் கணிப்பில் நம்மவர் மிகக் குறைத்து மதிப்பிடும் நோய் இன்புளுவன்சா. தடிமன், காய்ச்சல், இரண்டு பனடோல், கொத்தமல்லிக் குடிநீர் என்று அதை முடித்துவிடுகிறோம். அந்த வைரசு சுவாசப்பையோடு நிற்பதில்லை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் செய்யப்பட்டு 2018இல் வெளியான ஆய்வொன்று, ஆய்வுகூடத்தில் உறுதிசெய்யப்பட்ட இன்புளுவன்சாவுக்குப் பின்னான முதல் ஏழு நாட்களில் மாரடைப்புக்கான வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மடங்காக உயர்வதைக் காட்டியது. அழற்சியால் குருதி உறையும் தன்மை கூடுகிறது, இதயத்தின் வேலைப்பளுவும் கூடுகிறது. ஏற்கனவே கொழுப்புப் படிந்த குழாய்களை உடைய நீரிழிவாளருக்கு அந்த வாரம் எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை. அத்தகைய மரணத்தை ஊரில் "ஹார்ட் அட்டாக்" என்றே சொல்வோம். நான்கு நாட்களுக்கு முன் வந்த காய்ச்சலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இலங்கையில் இன்புளுவன்சா பொதுவாக ஆண்டுக்கு இருமுறை எழுகிறது: ஆண்டின் நடுப்பகுதியில் ஒருமுறை, வடகீழ்ப் பருவமழையோடு நவம்பர் முதல் ஜனவரி வரை மற்றொருமுறை. வைரசின் வெளிப்புறப் புரதங்கள் சிறிது சிறிதாக மாறிக்கொண்டே இருப்பதால், அடுத்த பருவத்துக்கான தடுப்பூசியில் எந்த வகைகளைச் சேர்ப்பது என்பதை உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பெப்ரவரியிலும் செப்ரெம்பரிலும், கூடித் தீர்மானிக்கிறது. ஆண்டுதோறும் மீண்டும் போட வேண்டியிருப்பது இதனாலேயே. வகைகள் நன்கு பொருந்திய ஆண்டுகளிலும் அது நோயை 40 முதல் 60 சதவீதம் வரையே குறைக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. "போட்டும் எனக்குக் காய்ச்சல் வந்ததே" என்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் ஊசியே காய்ச்சலைத் தந்தது என்பது பிழை. வழக்கமாகப் போடப்படும் ஊசியில் இருப்பது கொல்லப்பட்ட வைரசின் துண்டுகள். அவற்றால் பெருக முடியாது. ஓரிரு நாள் உடல்வலியும் இலேசான சூடும் நிர்ப்பீடனம் விழித்துக்கொண்டதன் விளைவு.

நியூமோகொக்கசு என்னும் பற்றீரியாவுக்கு எதிரான தடுப்பூசி, அது உண்டாக்கும் நியூமோனியாவின் கடுமையைத் தடுப்பது. அது ஆண்டுதோறும் வேண்டியதில்லை. கொவிட் பற்றி ஓர் எண் போதும்: 2020இல் இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்கள் கொவிட்டால் வைத்தியசாலையில் இறக்கும் வாய்ப்பு ஏனையோரைவிட ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது.

இனி மனப்பான்மைக்கு வருவோம். 1978இல் தொடங்கிய விரிவாக்கப்பட்ட நிர்ப்பீடனத் திட்டத்தின் கீழ் பிள்ளைகளுக்கு ஊசி போடுவதை நம் மக்கள் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டவர்கள். 1993க்குப் பின் இலங்கையில் போலியோ நோயாளி எவரும் இல்லை. அதற்குக் காரணம் மக்களின் அறிவு மட்டுமன்று. குடும்பநல உத்தியோகத்தர் பதிவேட்டோடு வீடு தேடி வருகிறார், திகதி சொல்கிறார், தவறினால் ஏன் என்று கேட்கிறார். ஐம்பது வயது நீரிழிவாளரிடம் அப்படிக் கேட்க யாரும் வருவதில்லை. நெரிசலான கிளினிக்கில் அவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்கள் சீனி, பிரஷர், மருந்துச் சீட்டு ஆகியவற்றிலேயே தீர்ந்துவிடுகின்றன. வைத்தியரோ தாதியோ நேரடியாகப் பரிந்துரைப்பதே ஒருவரை ஊசி போட வைக்கும் வலிமையான காரணம் என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. செலவும் ஒரு தடை. பெரியவர்களுக்கான இன்புளுவன்சா, நியூமோகொக்கசு ஊசிகள் தேசிய இலவச அட்டவணையில் இல்லாததால் பெரும்பாலோர் தனியாரிடம் காசு கொடுத்தே பெற வேண்டியிருக்கிறது. நாட்கூலிக்காரர் தயங்குவதை அறியாமை என்று சொல்வது அநீதி.

பெரியவர்கள் வரிசையில் நின்று ஊசி போடும் வழக்கம் இங்கே இல்லாததும் அன்று. காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களிலிருந்து ஹஜ்ஜுக்குச் செல்வோர் மூளைக்காய்ச்சல் ஊசியைக் கட்டாயம் போட்டுக்கொள்கின்றனர். அவர்களில் பலர் அறுபதைக் கடந்தவர்கள், சீனியும் உள்ளவர்கள். கேட்கும் இடத்தில் யாராவது ஒருவர் கேட்டால் போட்டுக்கொள்ளும் மனம் அவர்களிடம் இருக்கிறது. நோன்பு காலத்தில் எழும் ஐயத்துக்கும் விடை உண்டு: ஊட்டமளிக்காத ஊசி நோன்பை முறிக்காது என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து.

கிளினிக் வாங்குகளில் அதிகம் கேட்கும் அச்சம் "ஊசி போட்டால் சீனி கூடுமாம்" என்பது. இது முழுக்கக் கட்டுக்கதை அன்று. எந்த நிர்ப்பீடனத் தூண்டலும் சிறிது அழற்சியைத் தருவதால் சிலருக்கு ஓரிரு நாட்கள் சீனி சற்று ஏறலாம். பின்னர் தானே இறங்கிவிடும். உண்மையான தொற்று ஏற்றும் அளவோடு இதை ஒப்பிடவே முடியாது. ஊசி போட்ட இடம் ஆறாது என்று அஞ்சுபவர்கள், நாள்தோறும் விரலிலும் வயிற்றிலும் குத்தும் இடங்கள் ஆறுவதை நினைத்துப் பார்க்கலாம்.

மாரிக்கு முன் இன்புளுவன்சா ஊசி போட விரும்புபவர், பாதுகாப்பு உருவாக இரண்டு வாரங்கள் ஆகும் என்பதைக் கணக்கிட்டு ஒக்ரோபரின் முற்பகுதியில் வைத்தியரிடம் கேட்பது நல்லது. கடுங்காய்ச்சல் உள்ள நாளில் மட்டும் தள்ளிப்போடலாம். சீனி சற்றுக் கூடியிருப்பது தடையாகாது. முந்தைய ஊசியொன்றுக்குக் கடும் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தாலோ குருதி உறையாதிருக்க வாபரின் போன்ற மருந்து எடுத்தாலோ முன்கூட்டியே சொல்ல வேண்டும். பின்னதற்கு ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்திருந்தால் போதும். அன்றைய இன்சுலினையும் மெற்போமினையும் வழக்கம்போல் எடுத்துக்கொண்டு, அடுத்த இரண்டு நாட்களுக்குச் சீனியை ஒருமுறை கூடுதலாகப் பார்த்து, போட்ட ஊசியின் பெயரையும் திகதியையும் கிளினிக் கொப்பியில் எழுதுவிக்க வேண்டும்.