எளிதில் புண்படாதவரை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

பரிந்துரைக் கடிதங்களைத் திருத்தித் தருவது என் தொழிலின் ஒரு பகுதி. அண்மையில் வந்த கடிதம் ஒன்றில், வாடிக்கையாளர்கள் எவ்வளவு கடிந்து பேசினாலும் முகம் சுளிக்காத ஊழியரை, அவருடைய மேலாளர் 'இன்சென்சிடிவ்' என்று மனமாரப் பாராட்டியிருந்தார். எளிதில் புண்படாதவர் என்பதே அவர் சொல்ல நினைத்தது. ஆனால் ஒரு மனிதரை, எதற்கு என்று குறிப்பிடாமல், வெறுமனே அப்படிச் சொன்னால், பிறர் மனம் நோவதைப் பொருட்படுத்தாதவர் என்றே ஆங்கிலம் அறிந்தவர் கொள்வார்.

'திக்-ஸ்கின்ட்' (தடித்த தோல் கொண்டவர்) என்று மாற்றலாமா என்று மேலாளர் கேட்டார். எருமை மாட்டின் மேல் மழை பெய்தாற்போல என்று பழகிய நமக்குத் தோல் தடித்திருப்பது வசைதான். ஆங்கிலத்திலோ அச்சொல் இரு பக்கமும் சாயும்: விமர்சனத்தைத் தாங்கும் திறன் என்று மெச்சவும், எதுவும் உறைக்காத ஜென்மம் என்று ஏசவும் அதையே எடுப்பார்கள். பேச்சில் குரல் காட்டிக்கொடுத்துவிடும். கடிதத்துக்கு அந்த வசதி இல்லை. அதன் உறவான 'கேலஸ்' பக்கம் போகவே வேண்டாம். காய்ப்பேறிய தோலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த அது, மனிதரைப் பற்றி வரும்போது ஈவிரக்கமற்றவர் என்றே பொருள்படும். பலர் தடுக்கி விழும் 'இன்அஃபென்சிவ்' திசையே மாறியது: அது பிறரைப் புண்படுத்தாதவரைக் குறிக்குமே தவிர, தாம் புண்படாதவரை அல்ல.

ஆகவே, திட்டு வாங்கும்போது அந்த ஊழியருக்கு உள்ளே உறைக்கிறதா என்று மேலாளரிடம் கேட்டேன். நெருக்கடியிலும் பதறாதவர் என்றால் 'அன்ஃப்ளாப்பபிள்' பொருந்தும். நொந்தாலும் மீண்டெழுபவர் என்றால் 'ரெசிலியன்ட்', அதன் லத்தீன் வேரே துள்ளித் திரும்புவதைச் சொல்கிறது. எதையும் இலகுவாக எடுத்துக்கொள்பவரைக் குறிக்கும் 'ஈசி-கோயிங்' இனிய சொல்தான், என்றாலும் வேலையிலும் மெத்தனமோ என்ற ஐயத்தை அது கிளப்பக்கூடும்.

"உறைக்கும், கண்கூடக் கலங்கும். ஆனால் அரை மணி நேரத்தில் அதே வாடிக்கையாளரை அவரே அழைத்துப் பேசுவார்" என்றார் மேலாளர். 'ரெசிலியன்ட்' சரிதான், ஆனால் விண்ணப்பங்களில் அடிபட்டுத் தேய்ந்துபோன சொல் அது. அடைமொழியை அடித்துவிட்டு, மேலாளர் சொன்ன அந்தத் தொலைபேசி அழைப்பையே ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமாக எழுதி அனுப்பினேன்.