பயிற்சிக்கு வீடியோ கேம்: வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

மருத்துவமனைப் பணியாளர்களுக்கான பயிற்சிகளை வடிவமைப்பது என் தொழில். வீடியோ கேம் வழியாகக் கற்பிக்க முடியுமா என்று கேட்ட நிர்வாகிகள், இப்போது எந்த கேமை வாங்கலாம் என்று கேட்கிறார்கள். அவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: ஆட்டத்தில் வெல்வதற்குச் செய்ய வேண்டிய செயலும் பணியிடத்தில் செய்ய வேண்டிய செயலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

எட்வின் லிங்க் 1929-இல் உருவாக்கிய விமானப் பயிற்சிக் கருவி தரையைவிட்டு எழும்பவே இல்லை. ஆயினும், மூடிய அறைக்குள் அமர்ந்து கருவிகளின் முட்களை மட்டுமே நம்பி ஓட்டப் பழகியவர், மேகத்துக்குள் நுழைந்ததும் அதையேதான் செய்தார். இந்தப் பொருத்தம் இருந்ததால்தான் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானிகளின் பயிற்சியில் அதற்கு அத்தனை முக்கியத்துவம் கிடைத்தது.

இந்தப் பொருத்தம் இல்லாதபோது என்ன நடக்கிறது என்பதைப் பேரிடர்ச் சிகிச்சைப் பயிற்சியில் கண்கூடாகப் பார்க்கலாம். காயமடைந்த பலர் ஒரே நேரத்தில் வரும்போது யாருக்கு முதலில் சிகிச்சை என்பதைச் சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு அட்டைகளால் பிரிக்கிறோம். பரவலாகப் பின்பற்றப்படும் முறையின்படி, எழுந்து நடக்கக்கூடியவருக்குப் பச்சை; அவர் காத்திருக்கலாம். நிமிடத்துக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு வாங்குபவருக்குச் சிவப்பு; அவருக்கு உடனடிச் சிகிச்சை வேண்டும். இதற்கென வந்த ஒரு கேமில், அதிக இரத்தத்துடன் வரையப்பட்டிருந்தவர்கள் எல்லோரும் சிவப்பாகவே இருந்தார்கள். பயிற்சி பெற வந்தவர்கள் இரண்டு மூன்று ஆட்டங்களிலேயே அதைக் கண்டுகொண்டு, ஒருவருடைய மூச்சைக்கூட எண்ணாமல் முழு மதிப்பெண் பெற்றுவிட்டார்கள். திரையின் மூலையில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரமும் அவர்களை அந்த அவசரத்துக்கே பழக்கியது. உண்மையான பேரிடரில், இரத்தம் வழிய அலறிக்கொண்டு நடந்து வருபவருக்குப் பச்சை அட்டை போதுமானதாக இருக்கலாம். சுவரில் சாய்ந்து சத்தமின்றி வேகவேகமாக மூச்சுவிடுபவரே சிவப்புக்கு உரியவராக இருக்கலாம். மார்பின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து எண்ணினாலன்றி முன்னேற முடியாதபடி அமைந்த கேம், படங்கள் எளிமையாக இருந்தாலும், இதைக் கற்றுக்கொடுத்துவிடும்.

அப்போதும் ஆட்டத்தை நிறுத்தி, “இவரை ஏன் முதலில் எடுத்தீர்கள்?” என்று கேட்க ஒருவர் அருகில் இருக்க வேண்டும். கற்றலில் பெரும்பகுதி அந்தப் பத்து நிமிட உரையாடலில்தான் நடக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் செலவைக் குறைக்கும்போது நிறுவனங்கள் முதலில் கைவைப்பதும் அதில்தான்.

ஆய்வு முடிவுகளை முழுமையாகப் படிப்பதும் அவசியம். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் இளையோருக்காக உருவான ‘ரீ-மிஷன்’ என்ற கேமை 375 பேரிடம் சோதித்த ஆய்வு 2008-இல் வெளியானது. கேமை விளையாடியவர்கள் மருந்துகளை ஒழுங்காக எடுத்துக்கொண்டதையும் நோயைப் பற்றி அதிகம் அறிந்திருந்ததையும் அது காட்டியது. மன அழுத்தத்திலோ வாழ்க்கைத் தரத்திலோ மாற்றம் தென்படவில்லை. வீடியோ கேம் பழக்கமுள்ள அறுவை சிகிச்சையாளர்கள் லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியே கேமராவைச் செலுத்திச் செய்யும் அறுவை சிகிச்சை) பயிற்சிகளில் குறைவாகத் தவறு செய்ததாக 2007-இல் வெளியான ஆய்வு, 33 மருத்துவர்களை மட்டுமே கொண்டது. கைத்திறன் உள்ளவர்கள் இயல்பாகவே கேம்களை விரும்பியிருக்கவும் கூடும் என்பதால், விளையாடினால் சிறந்த மருத்துவராகலாம் என்று அதைக் காட்டி விற்பது தவறு.

வாங்குவதற்கு முன் நான் பரிந்துரைக்கும் சோதனை எளியது. பாடம் தெரியாத, ஆனால் கேமில் கைதேர்ந்த ஒருவரிடம் அதைக் கொடுத்துப் பாருங்கள்; முதல் தடவையிலேயே அவர் வென்றுவிட்டால் அந்த கேம் பாடத்தைச் சோதிக்கவில்லை. அடுத்து, அனுபவமுள்ள, ஆனால் கேமே ஆடியிராத செவிலியர் ஒருவரிடம் கொடுங்கள். பொத்தான்களில் தடுமாறி அவர் தோற்றால், மதிப்பெண் கணக்கிடாமல் விளையாடிப் பழக முதலில் அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். அதன் பிறகும் அவர் தோற்றால், அந்த கேமை வாங்க வேண்டாம்.