சம்பளத்தில் பிடிக்கும் 105 ரூபாயும் காப்பீட்டு அட்டையும்

“ஏனுங்க, எங்களுக்குத்தான் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்குதுங்களே, அப்பறம் எதுக்குங்க சம்பளத்துல இ.எஸ்.ஐ. புடிக்கோணும்?” திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் பக்கத்து வீட்டு அக்கா கேட்ட கேள்வி இது. இ.எஸ்.ஐ. என்றால் தொழிலாளர் அரசு காப்பீடு. “பிடித்தம் வேண்டாம், முழுசா கையில வாங்கிக்குங்க” என்று கான்ட்ராக்டர் ஆசை காட்டியிருக்கிறார். நிறையப் பேர் தலையாட்டிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், அது நமக்கு நஷ்டம்.

அட்டை விஷயத்தை முதலில் பார்த்துவிடலாம். 2012 ஜனவரியில் தொடங்கிய முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம், 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்துடன் இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். ஆனால் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதாவது மாதம் 10,000. புருஷன் டெய்லர், பொண்டாட்டி செக்கிங் என்று இரண்டு சம்பளம் வரும் வீடு இந்தக் கோட்டுக்குள் எப்படி அடங்கும்? இன்னொன்று, பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் அட்டை பேசும். காய்ச்சலுக்கு ஊசி போட்டு வருவதற்கு ஆகாது.

இ.எஸ்.ஐ. அப்படியல்ல. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது அது. தமிழ்நாட்டுக்குள் 1955இல் முதலில் வந்ததே கோயமுத்தூருக்குத்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனியில், மாதம் 21,000 வரை வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் உண்டு. பீஸ் ரேட் ஆளுக்கும் உண்டு, கான்ட்ராக்ட் ஆளுக்கும் உண்டு. கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் கம்பெனிக்காரர்தான் பொறுப்பு. நம் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. சம்பளம் 14,000 என்றால் நம்மிடம் பிடிப்பது 105 ரூபாய். முதலாளி போடுவது 455. முழுசாகக் கையில் வாங்கும்போது நாம் மிச்சம் பிடிப்பது 105, கான்ட்ராக்டர் மிச்சம் பிடிப்பது 455. அவர் ஏன் அவ்வளவு அக்கறையாகச் சொல்கிறார் என்பது இப்போது புரிந்திருக்கும்.

காய்ச்சல், சர்க்கரை மாத்திரையிலிருந்து எல்லாமே இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் கிடைக்கும். வீட்டுக்காரர், பிள்ளைகள், நம்மை நம்பி இருக்கும் அப்பா அம்மாவுக்கும் சேர்த்து. எந்த அட்டையும் தராத ஒன்று இதில் இருக்கிறது: வேலைக்குப் போகாத நாளுக்கும் காசு. டாக்டர் சான்று கொடுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் வரும். அதற்கு ஆறு மாதக் கணக்கில் 78 நாளாவது நம் பேரில் பணம் கட்டியிருக்க வேண்டும். மிஷினில் கை மாட்டினால் 90 சதவீதம். பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம். நடுவில் சம்பளம் 21,000 தாண்டினாலும் அந்த ஆறு மாதம் முடியும் வரை பாதுகாப்பு தொடரும்.

இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் கூட்டம், மருந்துக்குக் காத்திருப்பு என்ற குறை உண்மைதான். அதற்காக உரிமையை விட்டுக்கொடுப்பதா?

பள்ளிபாளையம், சோமனூர்ப் பக்கம் நாலைந்து பேர் ஓட்டும் தறிக்குடோனிலும், காட்டு வேலைக்கு, அதாவது விவசாயக் கூலிக்குப் போகிறவர்களுக்கும் இ.எஸ்.ஐ. வராது. அவர்களுக்குத்தான் காப்பீட்டு அட்டை உயிர். நோவு வந்த பிறகு சான்றுக்கு அலைய வேண்டாம், இப்போதே எடுத்து வையுங்கள். என் பெரியப்பாவுக்கு ஸ்டென்ட் வைக்கும்போது ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அட்டையை வாங்கிக்கொண்டு, “மேல 15,000 கட்டுங்க” என்றார்கள். திட்டத்தில் அடங்கிய சிகிச்சைக்குக் கைக்காசு கேட்கக் கூடாது. திட்டத்தின் இலவச உதவி எண் 1800 425 3993க்கு அங்கேயே நின்று பேசினோம், பேச்சு மாறிவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் அட்டையைக் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். அந்தப் பணம் ஆஸ்பத்திரிக்கே போகிறது.

சாலை விபத்து தனிக்கணக்கு. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அட்டையும் வேண்டாம், வருமானச் சான்றும் வேண்டாம்.

அக்காவிடம் சொன்னது இதுதான்: நாளைக்கே கம்பெனியில் உங்கள் பத்து இலக்க இ.எஸ்.ஐ. நம்பரைக் கேளுங்கள். பிடித்தம் இருந்தும் நம்பர் இல்லை என்றால், கோவையில் உள்ள இ.எஸ்.ஐ. துணை மண்டல அலுவலகத்துக்குச் சம்பளச் சீட்டோடு ஒரு மனு.