மக்கள் கண்காணிப்பு: சொல் விளக்கம்

சுகாதாரத் துறைக் கூட்டங்களில் ‘கம்யூனிட்டி மானிட்டரிங்’ என்று அடிக்கடி பேசுகிறார்கள். தமிழில் எழுதும்போது அது ‘சமூகக் கண்காணிப்பு’ ஆகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் நேரத்துக்கு வருகிறாரா, எழுதிய மருந்து முழுதாகக் கிடைக்கிறதா, பிரசவத்துக்கு வந்தவரிடம் யாராவது காசு கேட்டார்களா என்பதையெல்லாம் சிகிச்சைக்குப் போகும் மக்களே முறையாகப் பார்த்து, எழுதி வைத்து, பொறுப்பில் இருப்பவரிடம் பதில் வாங்குவதுதான் இதன் பொருள். பதில் வாங்குவது வரை போகாமல் நின்றால் அதைக் கணக்கெடுப்பு என்று மட்டுமே சொல்லலாம்.

‘மானிட்டர்’ என்பதன் இலத்தீன் வேருக்கு எச்சரித்தல், நினைவூட்டுதல் என்று பொருள். சென்னைக்கும் அந்தச் சொல்லுக்கும் பழைய உறவு உண்டு. 1789இல் எழும்பூரில் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், மாணவர்களைக் கொண்டே மற்ற மாணவர்களுக்குப் பாடம் சொல்ல வைத்தார். இங்கிலாந்துக்குப் போன அந்த முறைக்கு ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர். அப்படிப் பாடம் சொல்லும் மாணவர்தான் ‘மானிட்டர்’. அவருக்கு நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை என்று பெயர்.

‘கண்காணி’ இன்னும் பழைய சொல். இடைக்காலச் சிவன் கோயில் கல்வெட்டுகளில் ‘ஸ்ரீமாகேசுவரக் கண்காணி’ என்ற தொடர் வருகிறது. கோயிலில் நடப்பதை அடியார்கள் மேற்பார்த்த ஏற்பாடு அது. ‘கண்காணி இல்லென்று கள்ளம் பலசெய்வார்’ என்று தொடங்கும் திருமந்திரப் பாடலில் இறைவனே கண்காணி. பிறகு இலங்கையிலும் மலாயாவிலும் தோட்டங்களுக்கு ஆள் பிடித்துப் போய், துரைக்காக வேலை வாங்கியவர் ‘கங்காணி’ ஆனார். ஆங்கில அகராதியிலும் அந்தச் சொல் ஏறிவிட்டது. இன்று ‘கண்காணிப்பு’ என்றால் கேமராவும் போலீசும் நினைவுக்கு வருவதற்கு முன்பே, மேலிருந்து கீழே பார்க்கும் பார்வையைக் கங்காணி அந்தச் சொல்லில் ஏற்றிவிட்டார். ஆனால் கல்வெட்டில் இருக்கும் பொருள் நமக்குத் துணை நிற்கிறது. கோயிலுக்கு உரியவர்கள் கோயிலைப் பார்த்துக்கொண்டது போல, மருத்துவமனைக்கு உரியவர்கள் மருத்துவமனையைப் பார்த்துக்கொள்ளலாம். ஆகவே இந்தச் சொல்லைக் கைவிட வேண்டியதில்லை.

மாற்ற வேண்டியது ‘சமூக’ என்ற முன்பாதியைத்தான். ‘எங்கள் சமூகம்’ என்று நாம் பேச்சில் சொல்லும்போது பெரும்பாலும் சாதியைத்தான் குறிக்கிறோம். ஒரு தெருவில் எல்லோருக்கும் பொதுவான மருந்தகத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் அந்த நிழல் விழவே கூடாது. ‘மக்கள் கண்காணிப்பு’ என்பது தெளிவாகவும் இருக்கிறது, யார் செய்கிறார்கள் என்பதையும் சொல்கிறது.

இந்த வழக்கம் ராஜஸ்தானின் கிராமங்களிலிருந்து வந்தது. 1990இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர்-விவசாயிகள் அமைப்பு, 1994 டிசம்பரில் ஊர் நடுவே அரசுக் கணக்கை உரக்க வாசித்து மக்களைச் சரிபார்க்க வைத்தது. ‘ஜன் சுன்வாய்’ என்று அதற்குப் பெயர். அமைப்பை நிறுவியவர்களில் ஒருவரான அருணா ராய் சென்னையில் பிறந்தவர். தேசிய ஊரக சுகாதார இயக்கம் 2005இல் வந்தபோது மக்கள் கண்காணிப்பும் அதன் ஓர் அங்கமானது. 2007 முதல் 2009 வரை ஒன்பது மாநிலங்களில் சோதனையாக நடந்தது. தமிழ்நாட்டில் சென்னையை ஒட்டிய திருவள்ளூரும் அதில் இருந்தது. ஊர்க்கூட்டத்தில் ஒவ்வொரு சேவைக்கும் ஓர் அட்டையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டியும் அந்த அட்டையைப் பார்த்தவுடன் எங்கே குறை என்று சொல்லிவிடலாம்.

நகரத்தில் இது எப்படி நடக்கும்? வடசென்னையின் ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை நோய்க்கு வந்த அம்மாவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை 60 என்று சீட்டில் எழுதியிருந்தது. மருந்தாளுநர் மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி 20 கொடுத்தார். அந்த அம்மா மாநகராட்சியின் புகார் எண்ணான 1913க்குப் போன் செய்திருந்தால் அது ஒருவரின் புகார்; அவருக்கு மட்டும் மாத்திரை கிடைத்து முடிந்திருக்கும். அவர் தெருவின் பெண்கள் குழு ஒரு கோடு போட்ட நோட்டில் தேதி, மருந்து, எழுதியது, கொடுத்தது என்று நான்கு பத்தி போட்டு, வந்தவர்களிடம் கேட்டு நிரப்பியது. நோட்டைப் பார்த்த மருத்துவ அலுவலர், நோயாளிகள் கூடியும் மருந்துக்கான தேவைப் பட்டியல் பழைய கணக்கிலேயே போகிறது என்பதைக் கண்டுபிடித்தார். மருந்தாளுநரைத் திட்டி ஆகப்போவது எதுவும் இல்லை என்பதும் அன்றைக்குத்தான் எல்லோருக்கும் புரிந்தது.

அங்கே நடந்ததில் கடைசிப் பகுதிக்கு ‘அக்கவுண்டபிலிட்டி’ என்று பெயர். தமிழ்நாட்டில் ‘பொறுப்புடைமை’ என்று எழுதுகிறோம். அது மனிதரின் குணத்தைச் சொல்கிறதே தவிர செயலைச் சொல்லவில்லை. ஈழத்துத் தமிழர் வழங்கும் ‘பொறுப்புக்கூறல்’ இதைவிட மிகப் பொருத்தம். கேட்டவருக்கு வாய் திறந்து கூறியாக வேண்டும் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. நாம் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். ஜன் சுன்வாய்க்கு நம் அலுவலகங்களில் வழங்கும் ‘கருத்துக்கேட்புக் கூட்டம்’ பொருந்தாது. கருத்துக்கேட்பில் மக்கள் பேசுவார்கள், அதிகாரிகள் குறித்துக்கொள்வார்கள். ஜன் சுன்வாயில் அதிகாரி பதில் சொல்ல வேண்டும். ‘மக்கள் விசாரணை’ என்பதே சரி.

‘சமூகத் தணிக்கை’ வேறு. ஊரக வேலை உறுதிச் சட்டம் கிராம சபைக்குக் கொடுத்த அதிகாரம் அது. செலவுக் கணக்கைச் சரிபார்ப்பது. ‘தணிக்கை’ அரபு மூலத்திலிருந்து உருது வழியாக வந்து தமிழாகிவிட்ட சொல். தெலுங்கில் அதுவே ‘தனிகீ’.

தமிழ்நாட்டின் நகரங்களில் 2022 நவம்பர் 1 முதல், கிராம சபை போன்ற பகுதி சபைகள் கூடுகின்றன. சென்னையின் வார்டுகளில் அதற்கு அறிவிப்பு எழுதுபவர்கள் இப்படி எழுதலாம்: ‘நம் சுகாதார நிலையத்தின் மக்கள் கண்காணிப்பு நோட்டு கூட்டத்தில் வாசிக்கப்படும். மருத்துவ அலுவலர் பொறுப்புக்கூறுவார்.’