சிறியதைப் பெரிதாக்கிப் பிடிக்கும் சோப்பு

சாயப்பட்டறைக் கழிவுநீரில் கரைந்திருக்கும் சாய மூலக்கூறு ஒன்றின் நீளம் ஓரிரு நானோமீட்டர்தான். முலாம் பூசும் பட்டறையிலிருந்து வரும் தாமிர, நிக்கல் அயனிகள் அதைவிடவும் சிறியவை. இவற்றை வடிகட்டிப் பிடிக்க ஆர்.ஓ. எனப்படும் எதிர்ச்சவ்வூடுபரவல் சவ்வு வேண்டும். உப்பு மிகுந்த நீரை அதன் வழியே தள்ள 60 பார் வரை அழுத்தம் தேவைப்படுவதால் மின்கட்டணமும் அதற்கேற்ப ஏறும். சல்லடைக் கண்ணைச் சிறிதாக்குவதற்குப் பதிலாக, பிடிபட வேண்டிய பொருளைப் பெரிதாக்கிவிடலாம் என்பதே பரப்புச் செயலிகளைப் பயன்படுத்தும் முறையின் அடிப்படை.

சோப்பு, சலவைத்தூள், சீயக்காயில் உள்ள சபோனின் ஆகிய அனைத்தும் பரப்புச் செயலிகளே. இவற்றின் மூலக்கூறுக்கு நீரை விரும்பும் தலையும் நீரை வெறுக்கும் வாலும் உண்டு. சோடியம் டோடெசைல் சல்பேட் என்ற பரப்புச் செயலியை நீரில் சிறிது சிறிதாகக் கரைத்தால், லிட்டருக்கு ஏறக்குறைய 2.3 கிராம் வரை மூலக்கூறுகள் தனித்தனியாகவே இருக்கும். அந்த வரம்பைத் தாண்டியதும், சுமார் 60 மூலக்கூறுகள் வால்களை உள்ளே மறைத்து, தலைகளை வெளியே நீட்டி, 4 நானோமீட்டர் அளவுள்ள உருண்டைகளாகத் திரளும். இந்த உருண்டைக்கு மிசெல் என்று பெயர்.

நீரில் எளிதில் கரையாத கரிமப் பொருள்கள் மிசெலின் எண்ணெய்ப்பசையுள்ள உட்பகுதிக்குள் புகுந்துகொள்கின்றன. உலோக அயனிகளோ வெளிப்புறத்தில் ஒட்டுகின்றன. தலைகளின் எதிர்மின்சுமை தாமிரம், துத்தநாகம் போன்ற இரட்டை நேர்மின்சுமை அயனிகளை வலுவாக ஈர்க்கிறது. தோல் பதனிடும் தொழிலோடு நாம் சேர்த்துப் பேசும் குரோமியம், குரோமேட் வடிவில் இருந்தால் அதுவே எதிர்மின்சுமை கொண்டது. அதற்கு நேர்மின்சுமைத் தலையுள்ள வேறு செயலியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாசைச் சுமந்த மிசெல்களைப் பிடிக்க, ஆர்.ஓ. சவ்வைவிடப் பெரிய துளைகளுள்ள அல்ட்ராபில்ட்ரேஷன் சவ்வும் சில பார் அழுத்தமும் போதும்.

பிடித்த மாசைச் செயலியிடமிருந்து கழற்றுவதுதான் உண்மையான வேலை; இல்லையேல் ஒரு கழிவு இன்னொரு கழிவாக மாறியதோடு கதை நின்றுவிடும். சவ்வு தடுத்து நிறுத்திய, மிசெல் செறிந்த கரைசலில் அமிலம் சேர்த்தால் ஹைட்ரஜன் அயனிகள் மிசெலின் மேற்பரப்பில் இடம்பிடித்து உலோகத்தை வெளியேற்றுகின்றன. மீண்டும் வடிகட்டினால் உலோகம் சவ்வைக் கடந்துவிடும், மிசெல் தங்கிவிடும், இரண்டும் தனித்தனியாகக் கைக்கு வரும்.

சவ்வே இல்லாத வழியும் உண்டு. டிரைட்டான் எக்ஸ்-114 என்ற மின்சுமையற்ற செயலியைச் சாயம் கலந்த குளிர்ந்த நீரில் கரைத்து, அந்தச் சோதனைக் குழாயை 40 டிகிரி வெந்நீரில் நிறுத்தினால், தெளிவாக இருந்த கரைசல் கஞ்சித்தண்ணீர் போலக் கலங்கும். பொறுத்திருந்து பார்த்தால் அடியில் பிசுபிசுப்பான மெல்லிய அடுக்கு ஒன்று சாயத்தின் பெரும்பகுதியை வாரிக்கொண்டு அடர்நிறத்தில் படிந்திருக்கும்; மேலே உள்ள நீர் வெளுத்திருக்கும். தலைப்பகுதியை நீரோடு பிணைத்திருந்த ஹைட்ரஜன் பிணைப்புகள் வெப்பத்தில் தளர்வதே காரணம். குளிரவைத்தால் எல்லாம் பழையபடி கரைந்துவிடும் என்பதால், சூடாக இருக்கும்போதே பிரித்தெடுக்க வேண்டும்.

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. மிசெலாகத் திரளாத தனி மூலக்கூறுகள் சவ்வின் வழியே நழுவி, லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் சுத்திகரித்த நீரிலேயே கலந்துவிடலாம். குறைந்த செறிவிலேயே திரளும் செயலிகள் இதற்கு ஓரளவு தீர்வாகும். ஆனால் அவற்றில் டிரைட்டான் வகையினம் சிதையும்போது, நாளமில்லாச் சுரப்பிகளின் இயக்கத்தைக் குலைக்கும் ஆக்டைல்பீனால் உருவாகிறது. ஐரோப்பிய ஒன்றியம் டிரைட்டான் வகையின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. பூந்திக்கொட்டைச் சபோனின் போன்ற, இயற்கையில் எளிதில் மட்கும் செயலிகளை ஆய்வாளர்கள் நாடுவது இதனால்தான்.

உப்பின் முன்னால் இந்த உத்தி எடுபடாது. 2011-இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது நொய்யல் ஆற்றின் பெருஞ்சிக்கல்களுள் ஒன்று நீரில் கரைந்த உப்பு. சாயத்தொட்டியில் லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்பு சேர்க்கிறார்கள். சோடியம் அயனியை மிசெல் பிரித்துத் தராது. அதோடு, மேற்பரப்பில் இடத்துக்குப் போட்டியிட்டு உலோகங்களையும் சோடியம் தள்ளிவிடுகிறது. ஆகவே இம்முறையைப் பல ஆலைகளின் நீர் கலந்து வரும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் வைப்பதைவிட, முலாம் பூசிய பொருளை அலசும் தொட்டியின் பக்கத்திலேயே வைப்பது பொருத்தம். அங்கே நீரில் உப்பு குறைவு. மீட்கும் நிக்கலும் அதே பட்டறைக்குத் திரும்பிப் பயன்படும்.