தாத்தாவின் சுகர் அனுபவம் பூனைக்கு ஆகாது

பூனைக்குச் சர்க்கரை நோய் என்று சொன்னதும் கண்ணைக் கசக்குகிற வீடுகளைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. பயந்தவர்கள் சொன்னதைக் கேட்பார்கள். "சுகர்தானே டாக்டரம்மா, எங்க வீட்ல நாலு பேருக்கு இருக்கு, நாங்க பாத்துக்கறோம்" என்று சிரித்துக்கொண்டே கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார்களே, அந்த வீடுகள்தான் என் தூக்கத்தைக் கெடுப்பவை. நம் ஊரில் வீட்டுக்கொரு சுகர் நிபுணர் இருக்கிறார். மனிதர்களுக்கு அது நல்லதாகவே இருக்கட்டும். பூனையை விட்டுவிடுங்கள்.

கடைசியாக வந்த கேஸ் இது. ஒன்பது வயது ஆண் பூனை, கருத்தடை செய்தது, ஆறரை கிலோ, சோபாவே உலகம். க்ளார்ஜின் இன்சுலின், காலை ஒரு யூனிட், இரவு ஒரு யூனிட் என்று எழுதிக்கொடுத்திருந்தேன். சில நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வலிப்போடு தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். ரத்தச் சர்க்கரை 31. குளுக்கோஸ் ஏற்றி, வலிப்பு நின்ற பிறகு, எந்தச் சிரிஞ்சில் போடுகிறீர்கள் என்று கேட்டேன். பையிலிருந்து சிவப்பு மூடி போட்ட சிரிஞ்ச் வந்தது. தாத்தாவுடையது. "நீங்க சொன்ன ஒரு யூனிட்தான் போட்டோம்" என்றார்கள். பொய் இல்லை. ஆனால் உள்ளே போனது இரண்டரை யூனிட்.

இதே சிவப்பு மூடியை இதற்கு முன்பும் பலர் பையில் பார்த்துவிட்டேன். ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இந்தியாவில் இன்சுலின் இரண்டு அடர்த்தியில் விற்கிறது. ஒரு மில்லியில் 40 யூனிட் இருப்பது ஒன்று, 100 யூனிட் இருப்பது இன்னொன்று. பெரியவர்கள் பலர் போட்டுக்கொள்ளும் 10 மில்லி குப்பி 40 வகை. அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. க்ளார்ஜின் 100 வகை. அதற்கு ஆரஞ்சு மூடி. 100 இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 'ஒன்று' கோடு வரை இழுத்தால் இரண்டரை யூனிட் வரும். எழுபது கிலோ மனிதர் தாங்கிக்கொள்ளக்கூடிய அந்த ஒன்றரை யூனிட் வித்தியாசம், நாலு கிலோ பூனையைச் சாய்த்துவிடும். மாற்றிச் செய்தாலும் சிக்கல்தான்: கால்நடைகளுக்கென்று வரும் கேனின்சுலின் 40 வகை, அதை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் இழுத்தால் ஒரு யூனிட்டுக்குப் பதில் 0.4 தான் போகும். சர்க்கரை இறங்காது. "இன்சுலின் கேக்கலை" என்று வீட்டிலேயே டோஸைக் கூட்டுவார்கள். அப்புறம் யாரோ சரியான சிரிஞ்சை வாங்கிவந்து அதே கூட்டிய கோடு வரை இழுப்பார்கள்.

மெடிக்கல் ஷாப்பில் "இன்சுலின் சிரிஞ்ச் ஒண்ணு குடுங்க" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். க்ளார்ஜின் என்றால் 100-க்கான, 0.3 மில்லி கொள்ளளவுள்ள, அரை யூனிட் கோடு போட்ட சிரிஞ்ச் வேண்டும் என்று கேளுங்கள். நாங்கள் அரை அரை யூனிட்டாகத்தான் டோஸை நகர்த்துவோம். வழக்கமான இன்சுலின் பேனா ஒவ்வொரு யூனிட்டாகத்தான் நகரும். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் 30/70 கலவை இன்சுலினை 'அவசரத்துக்கு' போடுவது என்ற பேச்சே வேண்டாம்.

சரி, அடுத்தது மாத்திரை. தாத்தாவின் டப்பாவிலிருந்து கால் மாத்திரை கிள்ளிப் போடுகிறவர்கள் குறையவே இல்லை. மெட்ஃபார்மின் பூனையிடம் சர்க்கரையைக் குறைப்பதைவிட வாந்தியைக் கொடுத்துச் சாப்பாட்டை நிறுத்துவதுதான் அதிகம். கூகுள் படித்துவிட்டு வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அமெரிக்காவில் 2022 கடைசியில் பெக்ஸாக்ளிஃப்ளோசினும் 2023-இல் வெலாக்ளிஃப்ளோசினும் பூனைகளுக்கென்றே அனுமதி பெற்றது உண்மை. ஊசியே போடாமல் வாய்வழி கொடுக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் அவை இதுவரை இன்சுலின் போடாத, மற்றபடி திடமாக இருக்கிற பூனைகளுக்கு, அடிக்கடி ரத்தம் பார்த்துக்கொண்டே கொடுப்பவை. சர்க்கரை அளவு பார்க்க நன்றாக இருக்கும்போதே உள்ளே கீட்டோன் என்கிற அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகலாம். அதே குடும்பத்து மாத்திரை அப்பாவுக்கு எழுதியிருக்கிறார்கள் என்பதற்காக அதை உடைத்துப் போட்டுவிடாதீர்கள். பாகற்காய்ச் சாறு, வெந்தயத் தண்ணீர் பற்றிக் கேட்காதீர்கள். பூனை குடிக்காது. வலுக்கட்டாயமாக ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும்.

இனி எனக்கு அதிகம் எரிச்சலூட்டுகிற விஷயத்துக்கு வருகிறேன். ஒரே ஒரு ரீடிங்கைப் பார்த்துவிட்டு டோஸை மாற்றுவது.

'வெறும் வயிற்றில் 100, சாப்பிட்ட பின் 140' என்பது வீட்டு நிபுணர்களின் மனதில் கல்வெட்டாக இருக்கிறது. காலையில் ஊசிக்கு முன் பூனையின் காதைக் குத்திப் பார்க்கிறார்கள். 340. உடனே கூட அரை யூனிட். இரவு 360. இன்னொரு அரை. அவர்கள் பார்க்கிற இரண்டு நேரமும் முந்தைய ஊசியின் வேலை முடிந்து சர்க்கரை ஏறி நிற்கிற நேரம். ஊசி போட்ட நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்குள் எவ்வளவு இறங்கியது என்பதைத்தான் நாங்கள் பார்ப்போம். டோஸைத் தீர்மானிப்பது அந்த அடிமட்ட எண். காலையில் 340 இருக்கிற பூனை மதியம் 70-இல் இருக்கலாம். அதற்குப் போய் இன்சுலினைக் கூட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவேதான் ஒரு நாள் முழுக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து எழுதிவரச் சொல்கிறோம். அல்லது மனிதர்கள் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை சென்சாரைப் பூனையின் தோளருகே முடியை மழித்து ஒட்டிவிடுகிறோம். (இரண்டு வாரம் இருக்கவேண்டியதைப் பூனை மூன்றாம் நாள் பிய்த்துப் போட்டால் என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.)

பூனைக்குப் பயந்தாலே சர்க்கரை ஏறும். ஆட்டோ சத்தம், காத்திருப்பறையில் குரைக்கிற நாய், என் மேசை, எல்லாம் சேர்ந்து நோயே இல்லாத பூனைக்கும் 300 காட்டும். அதனால்தான் முதல் நாளில் ஒரு எண்ணை மட்டும் நம்பாமல், கடந்த இரண்டு வாரச் சராசரியைச் சொல்லும் ஃப்ரக்டோசமின் பரிசோதனை எழுதுகிறோம். பணம் பிடுங்குவதற்காக இல்லை. பூனையின் சிறுநீரகம் ஏறக்குறைய 270-ஐத் தாண்டினால்தான் சர்க்கரையை வெளியே விடும். பகலில் பெரும்பாலும் 100-க்கும் 300-க்கும் இடையே ஓடி, தண்ணீர் குடிப்பது குறைந்து, எடை ஏறினால் அந்தப் பூனை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். 100-க்குக் கொண்டுவந்தே தீருவேன் என்று நிற்காதீர்கள். மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் பூனை ரத்தத்தில் உண்மையைவிடக் குறைவாகக் காட்டுவது வழக்கம். பரவாயில்லை, எப்போதும் அதே மீட்டரில் பாருங்கள். க்ளார்ஜினில் ஒரு டோஸ் செட்டாக ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். அதற்குள் கை வைக்காதீர்கள். கூட்டுவது குறைப்பது எதுவானாலும் எனக்கு ஒரு போன்.

"நாங்க இனிப்பே குடுக்கறதில்லையே" என்பது அடுத்தது. பூனையின் நாக்குக்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணர வைக்கும் ஜீன் அதனிடம் செயலிழந்து கிடக்கிறது என்று 2005-இல் கண்டுபிடித்தாயிற்று. இங்கே பிரச்சினை மாவுச்சத்து. தயிர்சாதம், மீன் சோறு, பிஸ்கட், அப்புறம் எல்லோரும் மறந்துவிடுகிற உலர் தீவனம். கிண்ணத்தில் நாள் முழுக்கக் கொட்டிவைக்கும் அந்த மொறுமொறு உருண்டைகளில் கலோரியில் மூன்றில் ஒரு பங்கு வரை மாவுச்சத்தாக இருப்பது சாதாரணம். சர்க்கரைப் பூனைக்கு அது பத்து சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. ஈரத் தீவனத்தில்தான் அது சாத்தியம். அதிலும் கிரேவி மிதக்கிற பாக்கெட்டைவிட மசியலாக, கெட்டியாக இருப்பது மேல். கிரேவியைக் கெட்டியாக்குவதே மாவுதான். விலை கட்டுப்படியாகாது என்றால் வெளிப்படையாகச் சொல்லுங்கள், வேகவைத்த கோழியை வைத்து ஏதாவது கணக்குப் போடலாம். வெறும் கோழிக்கறி மட்டும் மாதக்கணக்கில் போட்டால் கால்சியமும் டாரின் என்கிற சத்தும் குறையும். வீட்டில் அசைவம் நுழையாது என்கிறவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை. பாக்கெட்டைப் பால்கனியில் பிரித்து வையுங்கள், போதும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. நல்ல மனதோடு, யாரையும் கேட்காமல், ஒரே நாளில் உலர் தீவனத்தை நிறுத்தி ஈரத்துக்கு மாற்றுவார்கள். சர்க்கரை சடாரென்று இறங்கும். இன்சுலின் பழைய அளவிலேயே போய்க்கொண்டிருக்கும். சரியான காரியத்தைச் சொல்லாமல் செய்ததால் லோ சுகரில் வந்த பூனைகளும் உண்டு. உணவை மாற்றுவதற்கு முன்பே சொல்லுங்கள், பின்பு வேண்டாம்.

பட்டினி போடாதீர்கள். "சாப்பாட்டைக் குறைச்சா சுகர் குறையும்" என்பது பூனைக்குப் பொருந்தாது. குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு அடைந்து அது தனி நோயாகிவிடும். எடை குறைய வேண்டும்தான், மாதக்கணக்கில், மெதுவாக. பூனையைத் தூக்கிக்கொண்டு எடைமெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்து, வாரம் ஒருமுறை நோட்டில் எழுதுங்கள்.

ஊசியைப் பற்றிய பயம் இரண்டு நாளில் போய்விடும். ஊசி முடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். பூனை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது விலாப் பக்கத்துத் தோலைக் கூடாரம் போலத் தூக்கி, அதன் அடியில் போடுங்கள். தினமும் ஒரே இடத்தில் வேண்டாம். போட்டதும் முடியைத் தடவிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் மருந்து வெளியே போயிருக்கிறது. அப்போது மறுபடி போடக்கூடாது. எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த வேளை பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் போட்டுவிட்டீர்களா, உங்கள் கணவர் போட்டுவிட்டாரா என்று சந்தேகம் வந்தாலும் இதே விதி. ஒரு வேளை தவறினால் பூனை சாகாது. இரண்டு முறை போட்டால் சாகலாம். பிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி, போட்டவர் டிக் அடியுங்கள். பூனை சாப்பிடவில்லை, வாந்தி எடுக்கிறது என்றால் ஊசியைக் கையில் எடுக்கும் முன் போனை எடுங்கள்.

தள்ளாடினால், திடீரென்று வெறி பிடித்ததுபோல் சாப்பாடு கேட்டால், கூப்பிட்டால் வெறித்துப் பார்த்தால், லோ சுகர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் நிலையில் இருந்தால் உடனே சாப்பாடு. அந்த ஒரு நேரத்துக்கு எதுவும் தடையில்லை. படுத்துவிட்டால் தேனையோ, தண்ணீரில் கெட்டியாகக் குழைத்த குளுக்கோஸையோ விரலால் ஈறில் தடவுங்கள். வாயில் ஊற்றாதீர்கள், வலிப்பில் இருக்கிற வாய்க்குள் விரலை விடாதீர்கள். தடவிக்கொண்டே வண்டியைக் கிளப்புங்கள். இரவில் எந்த மருத்துவமனை திறந்திருக்கும் என்பதை இன்றைக்கே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சக மருத்துவர்கள் யாராவது படித்தால் ஒரு வேண்டுகோள். அரிப்புக்கும் வாய்ப்புண்ணுக்கும் மாதம் ஒரு நீண்டகால ஸ்டீராய்டு ஊசி போடும் பழக்கத்தை, குறிப்பாகக் குண்டான நடுவயது ஆண் பூனைகளிடம், கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். அந்த ஊசியின் முடிவு சர்க்கரை நோயாக என்னிடம் வந்து சேர்கிறது.

நோய் இருக்கிறதா என்றே தெரியாதவர்களுக்கு: மணல் தட்டில் கட்டிகள் பெரிதாவது, அதைச் சுற்றி எறும்பு மொய்ப்பது, வாளித் தண்ணீரில் தலைவிட்டுக் குடிப்பது, நிறையச் சாப்பிட்டும் முதுகெலும்பு தட்டுப்படுவது, பின்னங்கால் குதிகால் தரையில் படப் பதுங்கி நடப்பது. இதில் இரண்டு இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்தக் குதிகால் நடை நரம்பு பாதித்ததால் வருவது. சர்க்கரை கட்டுப்பட்டால் பல பூனைகள் மெல்ல மெல்லப் பழையபடி தாவுகின்றன.

நோய் தெரிந்த அன்றே "தூங்க வெச்சிடலாமா" என்று கருணைக்கொலையைக் கேட்பவர்களிடம் நான் கெஞ்சுவது ஒன்றுதான். மூன்று மாதம் கொடுங்கள். ஆரம்பத்திலேயே இன்சுலினும் மாவுச்சத்து குறைந்த உணவும் சேர்ந்து கிடைத்தால், கணிசமான பூனைகளுக்கு ஒரு கட்டத்தில் ஊசியே தேவைப்படாமல் போகிறது. மனிதர்களிடம் அவ்வளவு எளிதில் காணாத சங்கதி இது. செலவு இடிக்கிறது என்றால் சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, கூச்சப்படாமல் போங்கள். ஊசி நின்ற பிறகும் தயிர்சாதத்துக்குத் திரும்பாதீர்கள், நோய் திரும்பி வரும். டோஸ் ஏறிக்கொண்டே போயும் இறங்காத பூனைகள் சில உண்டு. அவற்றுக்குப் பல்லில் சீழ், சிறுநீர்த் தொற்று, மூளையடிச் சுரப்பிக் கட்டி என்று வேறு காரணம் தேட வேண்டியிருக்கும்.

அடுத்த முறை வரும்போது நோட்டு, மீட்டர், தீவனப் பாக்கெட், போடுகிற சிரிஞ்ச் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். இன்சுலினையும்தான், ஆனால் ஐஸ் கட்டியோடு நேராக ஒட்டாமல் துணியில் சுற்றி. ஒருமுறை உறைந்துபோன இன்சுலின் குப்பைக்குத்தான்.